ஏரி எப்போதும் வலது கைப்பக்கம்: திராசிமேனோவைச் சைக்கிளில் சுற்ற ஒரு வழிகாட்டி

இத்தாலியில் ஏரிக்கரையோரம் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று சொன்னால் பலரும் உடனே கோமோ என்பார்கள். அழகுக்குக் குறைவில்லாத இடம்தான். ஆனால் சாலைச் சைக்கிளில் இப்போதுதான் பழகுகிற ஒருவரை நான் முதலில் அங்கே அனுப்ப மாட்டேன். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே நெருக்கிப் போட்ட சாலை, இடையிடையே சுரங்கங்கள், கோடையில் முழங்கையை உரசுகிற மாதிரி போகும் கார்கள். முதல் அனுபவமே பயமாகிவிட்டால் அப்புறம் சைக்கிளைத் தொடவே மனம் வராது.

நான் சொல்வது திராசிமேனோ. ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் இடையே, உம்பிரியா மாநிலத்தில், தஸ்கனி எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஏரி. பரப்பு சுமார் 128 சதுர கிலோமீட்டர். இத்தாலியின் ஏரிகளில் நான்காவது பெரியது. இவ்வளவு விரிந்த ஏரிக்கு ஆழம் அதிகம் போனால் 6 மீட்டர்தான். கரை பெரும்பாலும் தட்டை. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஆலிவ் தோப்புகளோடு குன்றுகள் எழும்புகின்றன. அவற்றின் உச்சிகளில் மதில் சூழ்ந்த சிற்றூர்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சமதளம் போதும் என்றால் கரையோடு போகலாம். ஏற்றம் பழக வேண்டும் என்றால் வழியில் ஓர் ஊரில் திரும்பி மேலே போகலாம். புதியவருக்கு இத்தாலியில் இதைவிடத் தோதான இடத்தை நான் பார்த்ததில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பாதை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிளோடு வந்து இறங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பாதை இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதிக்குத் தார் கிடையாது. வெள்ளைச் சரளையும் மண்ணும்தான். எந்த இடத்தில் பாதையில் போவது, எந்த இடத்தில் சாலைக்கு ஏறுவது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சுற்று சுகமாக முடியும். கீழே எழுதியிருப்பதில் பாதி அதைப் பற்றித்தான்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அப்புறம் செப்டம்பரும் அக்டோபர் முதல் பாதியும். ஜூலை, ஆகஸ்ட்டில் சூரியகாந்தி வயல்கள் மஞ்சளாக நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஓட்ட நன்றாக இருக்காது. வெயில் நம்மூர் வெயில் மாதிரியே அடிக்கும், நிழல் குறைவு. அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் காலை 6 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் பகல் சிறியது, மூடுபனியும் உண்டு.

இன்னொரு விஷயம், பூச்சி. மே முதல் செப்டம்பர் வரை சாயங்காலங்களில் ஏரிக்கரையில் சிறு பூச்சிகள் புகைமாதிரி கூட்டம் கூட்டமாக எழும்பும். பார்வைக்குக் கொசுபோல இருக்கும், கடிக்காது. ஆனால் 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தால் கண்ணிலும் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி போடாமல் ஓட்டாதீர்கள். வெயில் கண்ணாடி மட்டும் போதாது, நிறமில்லாத கண்ணாடி ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும். பொழுது சாய்வதற்குள் சுற்றை முடித்துவிடுவது அதைவிட நல்லது.

எப்படிப் போய்ச் சேர்வது

ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் காஸ்திலியோனே டெல் லாகோவைத் தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். ரோம், ஃப்ளாரன்ஸ் இரண்டிலிருந்தும் வரும் ரயில் பாதையிலேயே அதற்கு ஸ்டேஷன் இருக்கிறது. வடகரையில் தங்க விரும்பினால் தெரோந்தோலாவில் ரயில் மாறி, பெருஜா போகும் ரயிலில் துவோரோவிலோ பஸ்ஸிஞானோவிலோ இறங்கலாம்.

சொந்தச் சைக்கிள் கொண்டுபோகிறவர்கள் அதிவேக ரயில் பக்கம் போக வேண்டாம். பிரித்துப் பையில் கட்டிய சைக்கிளைத்தான் அதில் ஏற்ற விடுவார்கள். ‘ரெஜோனாலே’ என்கிற வட்டார ரயில்களில் சைக்கிள் படம் போட்ட பெட்டி இருக்கும். அதில் அப்படியே உருட்டி ஏற்றலாம். சைக்கிளுக்குத் தனியாக ஒரு சின்னச் சீட்டு வாங்க வேண்டும். காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம்.

சைக்கிளைக் கையில் வாங்கும்போது

வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலிருந்து வெளியே வருவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இடது பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள். எந்தச் சக்கரம் நிற்கிறது?

நம் நாட்டுச் சைக்கிளில் வலது கை முன்பிரேக், இடது கை பின்பிரேக். இத்தாலியில் பெரும்பாலும் தலைகீழ்: இடது கை முன்பிரேக். சாதாரண நேரத்தில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. நாய் ஒன்று குறுக்கே ஓடிவரும்போது கை பழைய பழக்கத்தில் இடதை இறுக்கிப் பிடிக்கும், முன்சக்கரம் நின்று பின்சக்கரம் தூக்கும். எனக்கு முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே அப்படி ஆனது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் உள்ளங்கை சிராய்ப்போடு தப்பினேன். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் சில கடைகளில் மாற்றித் தருவார்கள். மாற்ற முடியாது என்றால் வண்டி வராத தெருவில் பத்து நிமிடம் இரண்டு கையாலும் ஒரே அளவாகப் பிடித்துப் பழகுங்கள்.

டயர் அகலம் 32 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கிற சைக்கிளைக் கேளுங்கள். ‘கிராவல்’ சைக்கிள் என்றால் இன்னும் நல்லது. சாலையிலும் ஓடும், சரளையிலும் ஓடும். 25 மில்லிமீட்டர் டயர்தான் கிடைத்தது என்றால் சரளைப் பகுதிகளை விட்டுவிட்டுச் சாலையிலேயே போங்கள். கியரில் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் 32 பல்லாவது இருந்தால் குன்றேறும்போது முழங்கால் உங்களை வாழ்த்தும்.

அப்புறம் பஞ்சர் பை. மாற்று டியூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, கைப்பம்பு. டியூபைக் கையில் எடுத்து அதன் வால்வு நீளத்தை ரிம்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குக் கடையில் கொடுத்த பையில் எல்லாமே இருந்தன. ஆனால் என் சைக்கிளின் ரிம் உயரமானது, டியூபின் வால்வு குட்டையானது. தென்கரையில், வயல் நடுவே, டியூபை மாட்டி டயரையும் ஏற்றிய பிறகுதான் வால்வு ரிம்முக்கு வெளியே நகக்கண் அளவுகூட வரவில்லை என்று தெரிந்தது. பம்பைப் பொருத்த வழியில்லை. 5 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். கடையிலேயே பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

சாலை விதிகளில் நமக்குத் தேவையானவை

அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. நேரே போகும்போது தானாகப் பழகிவிடும். தவறு நடப்பது கடையில் நிறுத்தி மறுபடி சாலைக்கு வரும் நேரத்தில்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் “வலது” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஏறுங்கள். ரவுண்டானாவில் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் வண்டிக்கு, அதாவது உங்கள் இடப்பக்கமிருந்து வருவதற்கு, வழிவிட வேண்டும்.

ஊருக்கு வெளியே சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். மணி இருக்க வேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பொழுது சாய்ந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினாலும், எந்நேரமானாலும் சுரங்கத்துக்குள் நுழைந்தாலும் பளிச்சென்று ஒளிரும் மேற்சட்டை போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, நீங்கள் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அழைக்கும் எண் 112.

வடகரையில் பெருஜாவுக்குப் போகும் விரைவுச் சாலை ஒன்று ஏரியை ஒட்டியே ஓடுகிறது. அதில் சைக்கிள் ஏறக் கூடாது. நீலப் பலகையில் வெள்ளைக் கார் படம் போட்டிருந்தாலோ, சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் இருந்தாலோ திரும்பிவிடுங்கள். கைபேசி வரைபடத்தில் கார் வழியைப் போட்டுவிட்டுப் போனால் அது உங்களை நேராக அங்கேதான் கொண்டுபோய் விடும். சைக்கிள் வழி என்று மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்று

வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். கோயில் பிராகாரம் சுற்றுகிற அதே திசை. போக்குவரத்து வலப்பக்கம் என்பதால் ஏரி முழு நேரமும் உங்கள் வலது கைப்பக்கமே இருக்கும். நின்று பார்க்க வேண்டும் என்றால் எதிரே வரும் வண்டிகளைக் கடக்காமல் அப்படியே ஒதுங்கலாம். திருப்பங்களும் பெரும்பாலும் வலப்பக்கமே வரும். அங்கே சைக்கிள்காரருக்கு ஆபத்தானது இடப்பக்கத் திருப்பம், எதிர் வண்டிகளைக் குறுக்கே தாண்ட வேண்டியிருக்கும். புதியவருக்கு வலஞ்சுழி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

காலை ஏழரைக்குக் காஸ்திலியோனேயில் கிளம்புங்கள். ஊர், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. அதன் முனையில் 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை. அங்கிருந்து வடக்கே போக இரண்டு வழி. 71ஆம் எண் சாலை தார் போட்டது, லாரி ஓடுவது. கரையோரப் பாதை சரளை, அமைதியானது. அகல டயர் என்றால் யோசிக்காமல் பாதையில் போங்கள். மெல்லிய டயர் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையைப் பிடியுங்கள்; லாரிகள் குறைவாக இருக்கும்.

போர்கெத்தோ என்ற சிற்றூர்ப் பக்கம் ஏரி வளைந்து கிழக்கே திரும்பும். அங்கிருந்து ‘துவோரோ’ என்ற பலகையைப் பின்பற்றுங்கள். வலப்பக்கம் நாணல், இடப்பக்கம் வயல், வயலுக்குப் பின்னால் மலை. துவோரோவை நெருங்க நெருங்க அந்த மலை ஏரியை நோக்கி இறங்கிவருவதைப் பாருங்கள். கி.மு. 217 ஜூன் மாதத்தில், ரோமோடு போரிட்ட கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபால் தன் படையை ஒளித்து வைத்தது இந்தச் சரிவுகளில்தான். விடியற்காலையில் ஏரியிலிருந்து எழுந்த மூடுபனிக்குள் ஃப்ளாமினியஸ் தலைமையில் ரோமப் படை கரையோடு கிழக்கே நடந்து வந்தது, நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் அதே திசையில். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர்; மேலிருந்து கார்த்தேஜ் படை இறங்கியபோது விலகி ஓட இடமில்லை. ஏறக்குறைய 15,000 ரோமர்கள் அன்று இறந்ததாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன. ஃப்ளாமினியஸும் அவர்களில் ஒருவர். துவோரோவைச் சுற்றிப் போர்க்களத்தை விளக்கும் பலகைகள் இருக்கின்றன. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலை மூடுபனி இன்றும் உண்டு என்பதால் அதிகாலையில் கிளம்பினால் பின்விளக்கைப் போட்டே ஓட்டுங்கள்.

துவோரோவிலிருந்து பஸ்ஸிஞானோ வரைக்கும் சாலை நெருக்கம். ரயில் பாதை, விரைவுச் சாலை, ஊர்ச் சாலை எல்லாம் அந்த ஒரே இடுக்கில்தான் போகின்றன. ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். ஓரத்தோடு ஒட்டிப் போனால் பின்னால் வருபவர் இடைவெளி இருப்பதாக நினைத்து நுழைவார்.

பஸ்ஸிஞானோவில் முதல் பெரிய ஓய்வு. கரையில் வரிசையாகக் கடைகள். அங்கே காபிக் கடைக்கு ‘பார்’ என்று பெயர். தயங்காமல் உள்ளே போங்கள். மேசையில் உட்காராமல் கவுண்டரில் நின்று குடித்தால் பல ஊர்களில் விலை குறைவு. இங்கிருந்து படகில் மஜோரே தீவுக்குப் போகலாம். புனித பிரான்சிஸ் 1211இல் தவக்காலம் முழுக்கத் தங்கியதாகச் சொல்லப்படும் தீவு அது. சைக்கிளைக் கரையில் பூட்டிவிட்டுப் போங்கள். ஆனால் முதல் தடவை சுற்றும் நாளில் தீவையும் சேர்த்துக்கொண்டால் மதியம் வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். தீவுக்கு வேறொரு நாள் வைத்துக்கொள்வது நல்லது.

தொரிச்செல்லாவைத் தாண்டியதும் விரைவுச் சாலையின் இரைச்சல் விலகிப் போகும். இனி கிழக்குக் கரை. மோந்தே டெல் லாகோ என்ற சிற்றூர் தண்ணீருக்கு மேலே ஒரு பாறை மேட்டில் நிற்கிறது. அதற்காக ஒரு சிறிய ஏற்றம் வரும். கியரை ஏற்றத்துக்கு முன்பே இறக்கிவிடுங்கள். நடு ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். மேலே வந்ததும் ஆலிவ் மரங்களுக்கு இடையே ஏரி முழுவதும் விரிந்து தெரியும். அங்கிருந்து சான் ஃபெலிச்சானோவுக்கு இறக்கம். மொத்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள துண்டுதான்.

சான் ஃபெலிச்சானோ மீனவர் ஊர். மீன்பிடி அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. அடுத்தது சான் சவீனோ. இந்த ஏரிக்கு இயற்கையான வடிகால் கிடையாது. நம்மூர் ஏரிக்கு மதகும் கலிங்கும் மாதிரி, வெள்ளம் வழிந்தோட 15ஆம் நூற்றாண்டில் சான் சவீனோவில் குன்றைக் குடைந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1898இல் புதிதாக இன்னொன்று. ஆறு எதுவும் பெரிதாக வந்து சேராததால் ஏரியின் மட்டம் மழையை நம்பியே இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் தண்ணீர் உள்வாங்கிப் படகுத்துறைகள் சேற்றில் நிற்கும்.

தென்கரை நீளமானது, வெட்டவெளி. சாந்த் ஆர்க்காஞ்சலோவுக்குப் பிறகு மறுபடியும் அதே கேள்வி: 599ஆம் எண் சாலையா, சரளைப் பாதையா? சாலையில் வண்டிகள் வேகமாகப் போகும். பாதை வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும், தூரம் கூடும், மனசுக்கு நிம்மதி. அகல டயர் இருந்தால் பாதைதான். மழை பெய்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் சாலை. களிமண் பிரேக்கில் அப்பிக்கொள்ளும். மதியத்துக்கு மேல் காற்றும் எழும்பும், மறைவு கிடையாது. எனவே கடைசி 15 கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில் தண்ணீரையும் வாழைப்பழமோ பிஸ்கட்டோ கொஞ்சத்தையும் மிச்சம் வைத்திருங்கள். ஊர்ச் சதுக்கக் குழாய்களில் தண்ணீர் பிடிக்கலாம். ‘நோன் பொதாபிலே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்தாலும் மிதிக்கிற நேரம் மூன்றரை மணி. நிற்பது, சாப்பிடுவது, பார்ப்பது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் நான்கு வாரம் வார இறுதிகளில் 20, 30, 40 கிலோமீட்டர் என்று கூட்டிக்கொண்டே போய்ப் பழகியிருந்தால் இது தாராளமாக முடியும்.

சாப்பாடு

சாப்பாட்டுக் கடைகள் பல இடங்களில் மதியம் இரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிடும், ராத்திரி ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். பசி வந்த பிறகு கடை தேடாதீர்கள், ஒரு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

‘தோர்த்தா அல் தெஸ்தோ’ என்று கேளுங்கள். தோசைக்கல் மாதிரி கனத்த தட்டில் சுடும் தடித்த ரொட்டி. நடுவே பிளந்து கீரையோ பாலாடைக்கட்டியோ இறைச்சியோ வைத்துத் தருவார்கள். சைவர்கள் ‘சென்ஸா கார்னே’ என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். மீனும் வேண்டாம் என்றால் ‘சென்ஸா பெஷ்ஷே’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏரிக்கரை ஆயிற்றே.

இன்னொன்றைத் தேடிப் பிடித்துச் சாப்பிடுங்கள்: ‘ஃபஜோலீனா’. இந்த ஏரிக்கரையில் மட்டும் விடாமல் காத்து வளர்த்துவரும் குட்டிப் பயறு. வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று கலந்து அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்பு தூவித் தருகிறார்கள். முதல் வாயிலேயே எனக்குச் சுண்டல் ஞாபகம் வந்தது. விசாரித்தால் அது நம் காராமணி, தட்டைப்பயறு இனமேதான்.

இரண்டாம் நாள், குன்று

கால் வலி இல்லை என்றால் மறுநாள் பனிக்காலே போங்கள். தென்கரைக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 430 மீட்டரளவில் இருக்கும் ஊர். ஏரி இருப்பது 258 மீட்டரில் என்பதால் ஏற வேண்டியது 170 மீட்டர் சொச்சம்தான்; முதல் ஏற்றத்துக்கு அளவானது. அங்கே புனித செபஸ்தியார் ஆலயத்தில் 1505இல் பெருஜீனோ வரைந்த சுவரோவியம் இருக்கிறது.

அது எளிதாக இருந்தால் மூன்றாம் நாள் பஸ்ஸிஞானோவிலிருந்து காஸ்தெல் ரிகோனே. இது கிட்டத்தட்ட 400 மீட்டர் ஏற்றம். தொடக்கத்திலேயே வேகம் காட்டாதீர்கள். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மிதியுங்கள்; பேச்சு திக்கினால் ஒரு கியர் இறக்குங்கள். எழுந்து நின்று மிதிப்பதை வளைவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்குவதுதான் கவனம். கைகளைக் கைப்பிடியின் கீழ் வளைவில் வையுங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, வெளியேறும் இடத்தைப் பாருங்கள். சைக்கிள் கண் போகிற பக்கம் போகும். வளைவின் உள்பக்கக் கால் மேலே இருக்கட்டும். இடது கை முன்பிரேக் என்பதை இங்கே மறுபடி நினைவில் கொள்ளுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். பாதி வழியில், வண்டி ஒதுங்க இடம் இருக்கிற ஒரு வளைவில் நிறுத்துங்கள். ரிம்முக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனாலே சூடு அடிக்கும். அது ஆறுகிற வரைக்கும் கீழே தெரிகிற மூன்று தீவுகளையும், நேற்று முன்தினம் நீங்கள் சுற்றி வந்த கரையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, விரல்களை உதறிவிட்டு, மீதியை இறங்குங்கள்.